மைக்கலாஞ்சலோவின் ஊரை எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் நடத்திக் காட்ட முடியுமா?

சித்திர ரீச்சர், ஒட்டுசுட்டான்

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பிக்கிறேன். ஏழு வருடமாகப் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறுமலர்ச்சிக் காலம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவருகிறேன். "தாவீது சிலை, சலவைக்கல், 1504, மைக்கலாஞ்சலோ." பிள்ளைகள் அதைப் பாடமாக்கி எழுதிப் புள்ளியும் எடுத்துவிடுவார்கள். கையில் இருக்கும் படம் தீப்பெட்டி அளவு. அதுவும் போட்டோக்கொப்பியில் கறுத்துப்போய், முகம் எது முடி எது என்று தெரியாது.

போன ஒகஸ்ட் விடுமுறையில் இத்தாலியில் இருக்கும் அக்கா கூப்பிட்டுப் போனேன். ஒருநாள் புளோரன்ஸ் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், சிற்பி மைக்கலாஞ்சலோவின் வாழ்க்கையைத் தெருத்தெருவாக நடத்திக் காட்டும் ஒரு குழுவில் அக்கா என்னைச் சேர்த்துவிட்டார். மூன்று மணித்தியாலம், பன்னிரண்டு பேர், காதில் ஒரு சின்னக் கருவி. வழிகாட்டிய பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். ஆங்கிலத்தில் ஆறுதலாக, எனக்கு விளங்கும்படி கதைத்தார். பேராலயத்துக்குப் பின்பக்கம் எங்களைச் சுவரோடு ஒதுங்கச் சொல்லிவிட்டு, "இந்தப் பக்கத்துத் தொழிற்கூடத்தில்தான் ஒருவரும் பார்க்காதபடி பலகை அடைத்துக்கொண்டு அந்தக் கல்லை வெட்டினார்" என்றார். பிறகு சினோரியா சதுக்கம் வரை நடந்தோம். ஏழெட்டு நிமிடம் இருக்கும். அங்கே போய் நின்ற பிறகுதான், "நீங்கள் இப்போது நடந்த தூரத்தைக் கடக்கச் சிலைக்கு நான்கு நாள் பிடித்தது" என்றார்.

எனக்கு மேல் கூசியது. திரும்பி வந்த வழியைப் பார்த்தேன். ஏழு வருடமாக நான் சொல்லிக்கொடுத்த 1504இல் இந்தத் தெரு இருக்கவில்லை, கயிறு இழுத்த மனிதர்கள் இருக்கவில்லை. கல்லுக்குப் பாரம்கூட இருக்கவில்லை.

இதை என் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டும். இருபத்தாறு பேர். இரண்டு பாடவேளை சேர்த்தால் எண்பது நிமிடம் கிடைக்கும். இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போட வாங்கிய சுண்ணாம்பு இரண்டு பை மிச்சம் இருக்கிறது. அதிபர் மைதானத்தைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். திரை போட்டுப் படம் காட்டும் வசதியை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது கிடைத்தாலும் பிள்ளைகள் வாங்கில் குந்தியிருந்துதானே பார்ப்பார்கள், அவர்களை நடக்க வைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எந்த இடங்களை வைப்பது, எதை விடுவது? அளவை எப்படி உணரவைப்பது? இத்தாலியில் இருக்கிறவர்கள், கல்வேலை தெரிந்தவர்கள், முன்பு படிப்பித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

முள்ளியவளைப் பெடியன், போலோஞ்ஞா

ரீச்சர், வணக்கம். வாசித்துவிட்டு வேலைக்குப் போனேன், சமையலறையில் வெங்காயம் வெட்டும்போதும் இதே யோசனைதான். பத்தொன்பது வருடமாக இங்கே இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் புளோரன்ஸுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவது. வேகமான ரயிலில் போலோஞ்ஞாவிலிருந்து நாற்பது நிமிடம்கூட ஆகாது. வழிகாட்டியோடும் நடந்திருக்கிறேன், தனியாகவும் நடந்திருக்கிறேன். அந்தக் காசு எதற்கென்றால், நல்ல வழிகாட்டிக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். ஆண்டுகளைப் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அவர்கள் தெரு வசதிக்கு ஏற்றபடி நடத்துவார்கள். அதனால் சாவு முதலில் வரும், பிறப்பு கடைசியில் வரும். மைதானத்தில் உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வயது ஏற ஏற நடத்துங்கள்.

நேற்றிரவு நகர வரைபடத்தை வைத்து அளந்து பார்த்தேன். அங்கே இருபது மீற்றரை உங்கள் மைதானத்தில் ஒரு மீற்றர் ஆக்குங்கள். முக்கியமான இடமெல்லாம் அறுபது, அறுபத்தைந்து மீற்றர் நீள அகலத்துக்குள் அடங்கும். நடுவில் பேராலயம். அதிலிருந்து தெற்கே 20 மீற்றரில் சினோரியா சதுக்கம். வடமேற்கே 12 மீற்றரில் சான் லொரென்சோ கோயில். மேற்கே 30 மீற்றர் அளவில் சாந்தா மரியா நொவெல்லா. வடக்கே சான் மார்கோ, அதன் பக்கத்திலேயே இன்று தாவீது நிற்கும் அக்காடெமியா கலைக்கூடம். தென்கிழக்கே சாந்தா குரோச்சே, அதிலிருந்து பத்து மீற்றர் தள்ளி அவருடைய குடும்பத்தின் வீடு. தெற்கே ஆர்னோ ஆறு, அதைத் தாண்டிச் சாந்தோ ஸ்பிரித்தோ. ஆற்றுக்கு இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு வாங்கைப் பாலமாகப் போடுங்கள். பாலத்தால் மட்டும்தான் கடக்கலாம் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஆறு மறக்காது.

தொடக்கம் மைதானத்தில் வேண்டாம் ரீச்சர், கேற்றுக்கு வெளியே வையுங்கள். 1475 மார்ச் 6 கப்ரேசே என்ற மலையூரில் பிறந்தார். தகப்பன் அங்கே கொஞ்சக்காலம் அதிகாரியாக இருந்தவர். பிறகு குழந்தையைச் செத்திஞ்ஞானோ என்ற ஊரில் ஒரு கல்தச்சனின் மனைவியிடம் பால்குடிக்கக் கொடுத்தார்கள். அந்தப் பாலோடுதான் உளியும் சுத்தியலும் எனக்குள் இறங்கின என்று பெரியவரான பிறகு சொல்லியிருக்கிறார். அந்த ஊர் நகரத்துக்குக் கிழக்கே ஐந்து கிலோமீற்றருக்கு மேல். உங்கள் கணக்கில் 250 மீற்றருக்கு மேல் வரும். அங்கே ஒரு கடை இருந்தால் அதன் வாசலில் நின்று பால்தாயின் கதையைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வாருங்கள்.

மேற்கே சாந்தா மரியா நொவெல்லாவில் பதின்மூன்று வயது. 1488இல் ஓவியர் கிர்லாந்தாயோவிடம் தொழில் பழகச் சேர்ந்தார், அந்தக் காலத்தில் கிர்லாந்தாயோவின் ஆட்கள் அந்தக் கோயிலில்தான் சுவரோவியம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் பிள்ளைகளைவிட வயது குறைவு, அதைச் சொல்லுங்கள். வடக்கே சான் மார்கோவில், நகரத்தை ஆண்ட மெடிச்சிக் குடும்பத்தின் தோட்டம், பழைய சிலைகளைப் பார்த்துப் பழகிய இடம். லொரென்சோ மெடிச்சி தன் வீட்டிலேயே தங்கவைத்தார். 1492இல் லொரென்சோ செத்ததும் அந்த நிழல் போய்விட்டது. பிறகு பாலத்தால் ஆற்றைக் கடந்து சாந்தோ ஸ்பிரித்தோ. அங்கே மடத்துத் தலைவர் ஆஸ்பத்திரிப் பிரேதங்களை அறுத்துப் பார்க்க இவருக்கு இடம் கொடுத்தார். அதற்கு நன்றியாக ஒரு மரச் சிலுவைநாதர் செய்துகொடுத்தார் என்பார்கள்.

சான் லொரென்சோவை விட்டுவிடாதீர்கள். அந்தக் கோயிலுக்கு முகப்புக் கட்ட மூன்று வருடத்துக்கு மேல் கல்லோடு அலைந்தார், கடைசியில் வேலையை நிறுத்திவிட்டார்கள். இன்றும் முன்சுவர் பூசாத கல்லும் காரையுமாக நிற்கிறது. போய்ப் பார்த்தால் இப்போதுதான் மேசன்மார் சாப்பிடப் போனது போல இருக்கும். பின்பக்கத்தில் மெடிச்சிகளின் கல்லறை மண்டபம். 1530இல் மெடிச்சிகள் நகரத்தைத் திரும்பப் பிடித்தபோது, அவர்களுக்கு எதிராக மதில் கட்டிக்கொடுத்தவர் என்று இவரைத் தேடினார்கள். அந்த மண்டபத்துக்குக் கீழே ஒரு சின்ன அறையில் ஒளிந்திருந்தார் என்கிறார்கள். 1975இல் அந்த அறைச் சுவரின் பூச்சை எடுத்தபோது கரியால் வரைந்த உருவங்கள் வந்தன. பல அறிஞர்கள் அவை அவர் கை என்கிறார்கள், எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. 2023 நவம்பரிலிருந்து நான்கு நான்கு பேராக உள்ளே விடுகிறார்கள். அறை பத்து மீற்றர் நீளம், மூன்று மீற்றர் அகலம்.

இன்னொன்று. இதே கணக்கில் சலவைக்கல் வந்த கராரா ஐந்து கிலோமீற்றர் வடமேற்கே, முத்தையன்கட்டுப் பக்கம் வரும். ரோம் நெடுங்கேணிப் பக்கம் வரும். 1564 பெப்ரவரி 18இல் ரோமில் செத்தார், எண்பத்தெட்டு வயது. உடலை அங்கேயே அடக்கிவிடுவார்கள் என்று பயந்து, தம்பியின் மகன் அதைச் சாமான் பொதி போலக் கட்டி இரகசியமாக ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நெடுங்கேணியிலிருந்து ஒரு பொதி வந்து, அவருடைய கல்லறை இருக்கும் சாந்தா குரோச்சேக் கோயிலில் இறங்கியது என்று சொல்லி முடியுங்கள்.

கல்வேலைக்காரன், வவுனியா

தங்கச்சி, நான் கோயில் திருப்பணிகளில் கருங்கல் வெட்டுகிறவன். அந்த ஊருக்குப் போனதில்லை. ஆனால் தாவீதின் கல்லைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்திருக்கிறேன், அது எங்கள் தொழிலில் எவருக்கும் தூக்கம் வராத கதை.

அது புதுக்கல் இல்லை. 1464இல் அகொஸ்தினோ என்ற ஒருவர் தொடங்கிக் கைவிட்டார். 1476இல் ரொசெல்லினோ என்பவருக்குக் கொடுத்தார்கள், அதுவும் சரிவரவில்லை. அதன்பிறகு இருபத்தைந்து வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. சலவைக்கல் மலையிலிருந்து வந்த புதிதில் உளிக்கு இணங்கும். வெளியில் கிடக்கக் கிடக்க இறுகிப்போகும், எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. போதாததற்கு ஆள் உயரத்துக்கு ஏற்ற தடிப்பும் அந்தக் கல்லில் இல்லை. முன்னுக்கிருந்து பார்த்தால் இராட்சதன், பக்கத்திலிருந்து பார்த்தால் ஒல்லி. 1501இல் இருபத்தாறு வயதுப் பெடியனிடம் அதைக் கொடுத்தார்கள். மற்றவன் பிழையாக வெட்டிய கல்லுக்குள் தன்னுடைய ஆளைத் தேடுவது எவ்வளவு பயமான வேலை என்று எனக்குத் தெரியும். ஒரு கோயிலில் பாதி வெட்டிக் கிடந்த துவாரபாலகரை என்னிடம் தந்தார்கள். முதல் மூன்று நாளும் உளியே வைக்காமல் சுற்றிச் சுற்றி வந்தேன்.

தலையும் வலது கையும் உடம்புக்குக் கொஞ்சம் பெரிசு. பேராலயத்தின் மேலே உயரத்தில் வைக்கத்தான் முதலில் நினைத்தார்கள், கீழிருந்து பார்க்கிறவனுக்கு ஏற்றபடி செய்தார் என்பது ஒரு விளக்கம். எங்களிடமும் கோபுரத்துப் பொம்மைக்கு அப்படித்தான், கண்ணையும் மூக்கையும் எடுப்பாக வைப்போம்.

பிள்ளைகளுக்கு ஒன்று செய்து காட்டுங்கள். களிமண்ணில் ஒரு முழ நீளத்துக்குப் பிள்ளையார் பிடித்து நன்றாகக் காயவிட்டுச் சுட்டெடுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, மூடும் அளவுக்குக் கலங்கல் தண்ணீர் விட்ட ஒரு சட்டியில் வையுங்கள். பிறகு சிரட்டையால் மெல்ல மெல்லத் தண்ணீரை அள்ளி ஊற்றுங்கள். முதலில் வயிற்றின் உச்சி தெரியும், பிறகு தும்பிக்கை, முழங்கால், கடைசியாகத்தான் காதும் முதுகும். மைக்கலாஞ்சலோ கல்லுக்குள்ளிருந்து உருவத்தை எடுத்தது இப்படித்தான் என்று அவருடைய வரலாற்றை எழுதிய வசாரி இதைப் போன்ற உவமையைச் சொல்லியிருக்கிறார். நாங்கள் நான்கு பக்கமும் கோடு போட்டுச் சுற்றிவர வெட்டுவோம். அவர் பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்து உள்ளே போனார். அக்காடெமியாவில் நிற்கும் வேலை முடியாத நான்கு கைதிச் சிலைகளிலும் அதைப் பார்க்கலாம். வயிறும் மார்பும் வெளியே வந்துவிட்டன, சிலதில் தலை இன்னும் கல்லுக்குள் இருக்கிறது. பல்லு வைத்த உளியின் தடம் சீப்பால் இழுத்தது போலக் கோடு கோடாக அப்படியே இருக்கிறது.

நாள் சொன்னால் நானே ஒரு கல்லும் உளியும் கொண்டு வருகிறேன். சத்தத்தையும் கேட்கட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா

மகள், நல்ல முயற்சி. இரண்டு விடயம் மட்டும்.

ரோம், வத்திக்கானில் உள்ள சிஸ்டைன் ஆலயக் கூரையை மல்லாக்கப் படுத்துக்கொண்டு தீட்டினார் என்று நாங்கள் எல்லோரும் படிப்பித்திருக்கிறோம். அது பிழை. 1508 தொடக்கம் 1512 வரை சாரத்தின் மேல் நின்றபடி, கழுத்தைப் பின்னுக்கு வளைத்துத்தான் தீட்டினார். அந்த வேதனையை அவரே கவிதையாக எழுதி, ஓரத்தில் நின்று தீட்டும் தன்னையும் கீறி வைத்திருக்கிறார். பிள்ளைகளை ஒரு நிமிடம் கையை மேலே தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள், போதும்.

மற்றது, உங்களுக்குப் பக்கத்தில் கற்சிலைமடு இருக்கிறது. 1803 ஒக்டோபர் 31இல் வன்னி அரசன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று வெள்ளைக்காரன் ஆங்கிலத்தில் வெட்டி நட்ட கல் அங்கே இருந்தது. யார் கல்லை நடுகிறார், எந்த இடத்தில் நடுகிறார், யாரைப் பார்க்கவைக்கிறார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். 1504 ஜனவரியில் தாவீதை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க ஒரு சபை கூடியது, லியனார்டோ டாவின்சியும் பொத்திச்செல்லியும் அதில் இருந்தார்கள். அவர்களும் இதைத்தான் கதைத்தார்கள். அடுத்த மாதம் கற்சிலைமடுவுக்கு நடக்கலாம்.

சித்திர ரீச்சர், ஒட்டுசுட்டான்

எல்லோருக்கும் நன்றி. நேற்று நடத்தினேன். உடனே எழுத வேண்டும் போல இருந்தது, இரவு களைத்துப்போனேன்.

காலை ஆறரைக்கே போய் ஐந்து பிள்ளைகளோடு கோடு போட்டேன். போலோஞ்ஞாத் தம்பி சொன்ன அளவு அப்படியே பொருந்தியது, சாந்தா மரியா நொவெல்லா மட்டும் தண்ணீர்த் தொட்டியில் முட்டியது, இரண்டு மீற்றர் இழுத்துவிட்டேன். பால்தாயின் கதையைச் சந்திக் கடையடியில் சொன்னேன். கடைக்கார அம்மாவும் தேத்தண்ணீர் ஆற்றியபடி வெளியே வந்து நின்று கேட்டார்.

தாவீதின் உயரம் 5.17 மீற்றர். கயிற்றை அளந்து வெட்டி நிலத்தில் விரித்து, பிள்ளைகளைத் தலையும் காலும் முட்டப் படுக்கச் சொன்னேன். மூன்று பேர் படுத்தும் கயிறு மிச்சம். நான்காவது பிள்ளையின் முழங்காலடியில் முடிந்தது. பிறகு கயிற்றின் ஒரு நுனியை வேப்பமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டேன். அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு பிள்ளை, "ரீச்சர், அப்ப அவர் தாவீதின்ர முகத்தை ஏணியில நிண்டா வெட்டினவர்?" என்று கேட்டாள். ஏழு வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி.

சிலையை இழுத்ததற்குத்தான் நேரம் கூடப் போனது. லன்டூச்சி என்ற மருந்துக்கடைக்காரர் நாட்குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். 1504 மே 14இல் தொழிற்கூடத்து வாசலின் மேற்சுவரை இடித்துச் சிலையை வெளியே எடுத்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்கள், கீழே கொழுப்புப் பூசிய பதினான்கு உத்தரம். இரவில் யாரோ கல்லெறிந்தார்கள், காவல் போட்டார்கள். எங்களிடம் இருந்தது நிறைந்த தண்ணீர்ப் பீப்பா ஒன்று, கீழே உருட்டத் தென்னங்குற்றிகள். இருபது மீற்றருக்குப் பதினெட்டு நிமிடம். பின்னால் விடுபட்ட குற்றியைத் தூக்கி முன்னால் ஓடிப்போய் வைக்க வேண்டும், தேருக்குச் சறுக்குக்கட்டை போடுகிறவர் மாதிரி. அதை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தேர் இழுத்துப் பழகிய பெடியன்கள் தாங்களே செய்தார்கள்.

ரோமையும் சிஸ்டைன் கூரையையும் கையைத் தூக்கி நின்றதோடு முடித்துவிட்டேன். சேர் சொன்னது சரி, அரை நிமிடத்திலேயே முனகத் தொடங்கிவிட்டார்கள்.

சான் லொரென்சோ அறையைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நேரம் யோசித்தேன். அங்கே போன அன்று எங்களுக்கு உள்ளே போக ரிக்கற் கிடைக்கவில்லை. வழிகாட்டி வெளியே தெருவில் நின்றபடி, "இதற்குள் ஒளிந்திருந்து கரித்துண்டால் சுவரில் வரைந்தார்" என்றார். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். நான் அக்காவின் கையைப் பிடித்தேன். 2009இல் எனக்குப் பதினைந்து வயது. நாங்கள் இருந்த பங்கருக்குள் தம்பி ஒரு விறகுக்கரியால் பக்கத்து மண்சுவரில் மாடு கீறுவான். மண் ஈரம், கரி பிடிக்காது, கீறக் கீற உதிரும். அவன் திரும்பத் திரும்ப அதே மாட்டைத்தான் கீறினான், கொம்பு மட்டும் ஒவ்வொருமுறையும் பெரிசாகும். அக்காவுக்கும் அதுதான் நினைவு வந்தது என்று ரயிலில் சொன்னார்.

பிள்ளைகளிடம் இதைச் சொல்வதா விடுவதா என்று கடைசிவரை தெரியவில்லை. பத்து மீற்றருக்கு மூன்று மீற்றர் என்று அந்த ஒரு அறையை மட்டும் உண்மையான அளவிலேயே கோடு போட்டு, சுற்றிவரக் கறுப்புத் தறப்பாள் கட்டினேன். மதிய உணவு சமைக்கும் அடுப்பிலிருந்து கரி எடுத்துவைத்தேன். பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கங்களை ஒட்டிவைத்தேன். நான்கு நான்கு பேராக உள்ளே விட்டேன், ஒரு குழுவுக்கு மூன்று நிமிடம். மைக்கலாஞ்சலோவை மட்டும் சொன்னேன். ஆனால் வெளியே வரிசையில் நின்ற ஒருத்தி, "எங்கட அம்மாவும் இப்பிடித்தான் இருந்தவ" என்று மெதுவாகப் பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு நானும் மாட்டுக் கதையைச் சொன்னேன்.

தாள்களை எடுத்து வைத்திருக்கிறேன். கை, கால், ஒரு பக்கத்து முகம் என்றுதான் பெரும்பாலும் வரைந்திருக்கிறார்கள். முழு உருவம் ஒன்றுமில்லை, நேரம் போதவில்லை. அடுத்தமுறை சாந்தோ ஸ்பிரித்தோவை விட்டுவிட்டு அந்த நேரத்தை இங்கே கொடுப்பேன்.

பொதி வந்து இறங்குவதோடு மணி அடித்துவிட்டது. சட்டியில் பிள்ளையார் செய்ய முடியவில்லை, களிமண் காயவில்லை, தொட்டதும் தும்பிக்கை கழன்று வந்தது. கல்வேலை அண்ணா, அதை நீங்கள் வரும் நாளுக்கு வைத்திருக்கிறேன். வரும் வியாழன் காலை ஒன்பது மணி சரிவருமா? ஒட்டுசுட்டான் சந்தியில் இறங்குங்கள். கல் பாரமாக இருக்கும், இரண்டு பெடியன்களை சைக்கிளோடு அனுப்பிவைக்கிறேன்.